டிக்கெட் எடுத்தவரின் பயம்

பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே வகை. ஒன்று, தூங்குகிறவர்கள். இன்னொன்று, டிக்கெட் எடுக்காதவர்கள். எது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை என்பாள் எக்ஸ்ரே. நிஜமாகத் தூங்குகிறவன் கண்றாவியாகத் தூங்குவான். வாய் பிளந்திருக்கும், தலை ஜன்னல் கம்பியில் டொக்கு டொக்கென்று முட்டும், பக்கத்து ஆளின் தோளில் எச்சில் வழியும். பொய்த்தூக்கக்காரன் அப்படியில்லை. ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி நிமிர்ந்து இருப்பான், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்து வைத்திருப்பான், இமை மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். "அழகாத் தூங்குறவன மட்டும் நம்பவே கூடாது" என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் சொல்லுவாள்.

எக்ஸ்ரே என்பது பஸ் டிப்போவில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். வேலை டிக்கெட் பரிசோதகர். யாரும் எதிர்பார்க்காத ஏதாவது ஒரு நிறுத்தத்தில் நின்றிருப்பாள், ஏறுவாள், ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவாள். அவ்வளவுதான், முழு பஸ்ஸும் கப்சிப். டிக்கெட் இல்லாதவனைக் கண்டால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று கண்டக்டர்கள் சத்தியமே செய்வார்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் சொல்லப்பட்ட பொய்களை மூட்டை கட்டினால் ஒரு பஸ் போதாது. காற்றில் பறந்துபோச்சு, குழந்தை மென்று தின்னுட்டுது, இப்பத்தான் ஏறினேன், இதோ இறங்கப்போறேன். எல்லாவற்றையும் கேட்டு, எதையும் நம்பாமல், சாயங்காலம் வீட்டுக்கு வருவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் பல்லைத் தேய்த்துக்கொண்டு பின்னறைக்குப் போனால், அங்கே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக இருந்தது. கை இரண்டும் முழங்கால்மேல். கண் மூடியிருந்தது.

எக்ஸ்ரே வாயில் பிரஷ்ஷோடு நின்றாள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். இமை துடித்தது.

"ஏங்க."

அவர் தூக்கிவாரிப் போட்டது போலக் கண்ணைத் திறந்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"சும்மாதான். தியானம்."

"என்னது?"

"மூச்சை கவனிக்கிறேன்."

"இத்தன வருஷம் அதை யாரு கவனிச்சாங்க? அதுபாட்டுக்குப் போய்ட்டு வந்துட்டுத்தானே இருந்துச்சு?"

அவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இருந்த இடத்தில் வைத்தார். அந்தச் சிரிப்பைத்தான் எக்ஸ்ரேவுக்குப் பிடிக்கவில்லை. கண்டக்டர் மறந்துட்டார் மேடம் என்று சொல்லுகிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தங்கமான மனுஷன். கண்ணாடிக் கடையில் ஃபிட்டர் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைத்து, கடுகு மாதிரி இருக்கிற திருகாணியைப் போட்டு முடுக்குகிற வேலை. அதிர்ந்து பேசத் தெரியாது. பொய் சொல்ல அறவே தெரியாது. எக்ஸ்ரே அவரைக் கட்டிக்கொண்டு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியதற்கு முக்கியமான காரணமே அதுதான். பகலெல்லாம் ஊர்ப் பொய்யைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, பொய் இல்லாத ஒரு முகம் வீட்டில் காத்திருந்தது. உலகத்தில் அவளுக்கு அந்த ஒரு முகம்தான் மிச்சம். அதுவும் போய்விட்டால் பிறகு அவள் எங்கே போய் உட்காருவாள்?

ஆகவே வேலையில் எப்படிச் செய்வாளோ அப்படியே ஆரம்பித்தாள். சட்டைப் பையைத் துழாவினாள். சட்டையை மோந்து பார்த்தாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் செல்ஃபோனைப் புரட்டினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதது அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அக்காவுக்கு ஃபோன் போட்டாள். அது ஒரு தப்பு. அவளுடைய அக்காவிடம் தலைவலி என்று சொன்னால்கூட மூளையில் கட்டி என்று சொல்லிவிட்டுத்தான் ஃபோனை வைப்பாள்.

"கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காரா? ஐயய்யோ!" என்றாள் அக்கா. "அடியே, ஆம்பளைங்க கண்ணை மூடினா உள்ள ஏதோ படம் ஓடுதுன்னு அர்த்தம். யாரோ ஒருத்தி இருக்கா."

"சும்மா இரு அக்கா. அவராவது, இன்னொருத்தியாவது. அவருக்கு என்கிட்ட பேசவே வாய் வராது."

"அப்படிப்பட்டவங்கதான் ஊமைக்குசும்பு. சரி, அது இல்லன்னா வியாதி. டாக்டர் ஏதோ சொல்லியிருக்கார், உன்கிட்ட மறைக்கிறார். எதுக்கும் விசாரி, விடாத."

விடுகிற ஆளா அவள்? அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள். எதுக்குத் திடீர்னு தியானம்? யாரு சொல்லிக் குடுத்தா? டாக்டரப் பாத்தீங்களா? கடையில யாராவது ஏதாவது சொன்னாங்களா? மத்தியானம் ஃபோன் பண்ணப்ப ஏன் எடுக்கல? எடுக்காம யாருகூடப் பேசிட்டு இருந்தீங்க? ஒன்றுக்குப் பதில் வருவதற்குள் அடுத்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் வாயெடுத்தார், முடிக்கவில்லை. கேட்கக் கேட்க அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தார், தளும்பிற்று. மேஜையில் வைத்துவிட்டுக் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

நடுங்குகிறதா, சரிதான், மடியில் கனம் இருக்கிறது என்று எக்ஸ்ரே முடிவு கட்டினாள்.

அந்த வாரம் பஸ்ஸில் ஒன்று நடந்தது. கதைக்கு அது வேண்டும். ஒரு நடுவயது மனிதர், வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பை. அவள் கையை நீட்டியதும் சட்டைப் பையைத் தேடினார், பேன்ட் பையைத் தேடினார், மணிபர்ஸைக் கவிழ்த்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அவள் வெறுமனே நின்று அவர் முகத்தையே பார்த்தாள். அதுதான் அவளுடைய வித்தை, பார்த்துக்கொண்டே நிற்பது. கண்டக்டர் பின்னாலிருந்து, "மேடம், நான்தான் கொடுத்தேன், அவர்கிட்ட இருக்கு" என்றான். அப்படியும் அவள் நகரவில்லை. கடைசியில் பார்த்தால், டிக்கெட் மடிந்து அவருடைய உதட்டுக்குள்ளேயே இருந்தது. பையைத் தேடுவதற்காக வாயில் கவ்வியவர், கவ்வியதையே மறந்துவிட்டிருந்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டார். அவருடைய டிக்கெட் அதற்கு வெகுதூரம் தள்ளி இருக்கிற ஊருக்கு.

"உங்களைப் பாத்தா டிக்கெட் எடுத்தவனுக்கே கைகால் ஆடும் மேடம்" என்றான் கண்டக்டர்.

எக்ஸ்ரே அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்தவர்களிடம் இரண்டு தடவை சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கண்ணாடிக் கடைக்கு அன்று விடுமுறை. ஆனால் அவர் காலையிலேயே குளித்து, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்க?"

"கடைக்கு. ஸ்டாக் எடுக்கிறாங்க."

"ஞாயித்துக்கிழமையா? போன வாரமும் எடுத்தீங்களே?"

"முடியல. மிச்சம் இருக்கு."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தார். எக்ஸ்ரேவுக்குக் காதெல்லாம் அடைத்துக்கொண்டது. பொய். பச்சைப் பொய். உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆளும் பொய் சொல்லியாகிவிட்டது. அவர் வாசற்படி இறங்கியதும் முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுகை அவளுக்கு ஒத்துவராது. ஆகவே செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள்.

ஆளைப் பின்தொடர்வது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதிர்ச்சாரியில், நாலு பேர் தள்ளி, நின்று நின்று போனாள். அவர் கடைத்தெருவுக்குத் திரும்பவில்லை. பல் ஆஸ்பத்திரி இருக்கிற கட்டடத்துக்குள் நுழைந்து மாடிப்படி ஏறினார். கொஞ்சம் பொறுத்து அவளும் ஏறினாள். மேலே கதவுக்கு வெளியே செருப்புகள் கிடந்தன. ஆம்பளைச் செருப்பு, பொம்பளைச் செருப்பு, எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு ஜோடியில் மணி வைத்திருந்தது. அதை முறைத்துப் பார்த்தாள். அக்கா சொன்னது காதுக்குள் கேட்டது.

கதவைத் தள்ளினாள். அது தையல் வகுப்பு நடக்கிற அறை. மெஷின்களையெல்லாம் சுவரோரமாகத் தள்ளித் துணி போட்டு மூடியிருந்தார்கள். நடுவில் பாயிலும் நாற்காலியிலுமாக ஆட்கள், எல்லோரும் முதுகைக் காட்டி. பருமனான ஓர் அம்மாள், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், எதிரே உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேவைப் பார்த்ததும், இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் திருட்டு முழி முழிப்பது வழக்கம்தான் என்பது போல, "வாங்கம்மா, அங்கயே உக்காருங்க. கண்ணை மூடிக்கங்க" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே ஒரு தையல் மெஷினுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணையாவது, மூடுவதாவது!

அங்கிருந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியில், எல்லோருடைய முகமும் தெரிந்தது. தைத்த துணியைப் போட்டுப் பார்க்கிற கண்ணாடி. அவளுக்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள். பழக்க தோஷம், வரிசையாகப் பரிசோதிக்க ஆரம்பித்தாள். ஒரு கிழவருக்கு வயிறு கடாமுடா என்றது. ஒரு பெண் மூக்கைச் சொறியலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் இமை துடித்தது. ஒருத்தர் பாக்கியில்லை. அத்தனை பேரும் டிக்கெட் இல்லாத கும்பல் என்று அவள் நினைக்கும்போதே, அந்த நர்ஸம்மாள் மெதுவாகச் சொன்னார்:

"இமை துடிச்சா துடிக்கட்டும். எல்லாருக்கும் துடிக்கும். அதை ஒண்ணும் பண்ண வேணாம்."

எக்ஸ்ரேவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அவள் நம்பிய அத்தாட்சி அது.

அப்போதுதான் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஜன்னல் ஓரம், நாற்காலியில். பார்த்தாள், ஆனால் முதலில் அடையாளம் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். முகத்தில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கிற மடிப்பு இல்லை. வாய் இறுகியிருக்கவில்லை. கை இரண்டும் முழங்கால்மேல் அசையாமல் கிடந்தன, ஒரு துளி நடுக்கம் இல்லை. கல்யாணமான புதிதில் இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததுண்டு. பிறகு எப்போது அது போயிற்று? வீட்டில் தினமும் பார்க்கிற முகம் எது? யோசித்தாள். உதட்டில் டிக்கெட்டைக் கவ்விக்கொண்டு பையைத் தேடிய மனிதர் நினைவுக்கு வந்தார். அந்த முகம்தான். கதவைத் திறந்து அவள் உள்ளே வந்ததும் அவர் அணிகிற முகம் அச்சு அசல் அதுதான்.

ஒரு சின்ன மணி அடித்தது. ஆட்கள் கண்ணைத் திறந்து, சோம்பல் முறித்தார்கள். எக்ஸ்ரே மெஷினுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டாள்.

"இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று நர்ஸம்மாள் அவரைக் கேட்டார். "கடையில கை எப்படி இருக்கு?"

"கடையில பரவால்லைங்க. திருகாணி கீழ விழறதில்ல. காலையில உக்காந்தா அன்னைக்கு முழுக்க நல்லா இருக்கு. சாயங்காலம்தான்." அவர் தயங்கினார். "வாசல்ல சாவி சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சுக்குது."

"யாரு வர்ற சத்தம்?"

"வீட்டுலதாங்க. நல்லவங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல." அவசர அவசரமாகச் சொன்னார். "என்கிட்ட மறைக்கிறதுக்கு எதுவும் கிடையாதுங்க. ஆனா அவ கேக்க ஆரம்பிச்சா, ஏதோ மறைக்கிற மாதிரியே ஆயிடுது. இங்க வர்றதுக்குக்கூட பொய் சொல்லிட்டுத்தான் வர்றேன். உண்மையச் சொன்னா, ஏன் பயம், யாருகிட்ட பயம்னு கேப்பா. நான் என்னன்னு சொல்றது?"

எக்ஸ்ரே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினாள். செக்கரைக் கண்டதும் பின்படி வழியாக நழுவுகிறவர்கள் உண்டு. அவர்களை அவள் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். அவர்கள் எப்படி இறங்குவார்களோ அப்படித்தான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், துவைக்க வேண்டிய துணிகளை அள்ளி வாஷிங் மெஷினில் போட்டு ஓடவிட்டாள். சமைக்க வேண்டும், தோன்றவில்லை.  கோபமா, வெட்கமா, எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊர்க்காரனைத்தானே கேள்வி கேட்டேன், புருஷனையுமா? கேட்டேன். கேட்டேனே. எத்தனை கேட்டேன்!

வாசல் கதவு திறந்தது. அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் அந்த மடிப்பு நெற்றிக்கு வந்துவிட்டது. அவள் கண்முன்னாலேயே வந்தது.

ஸ்டாக் எடுத்து முடிஞ்சுதா என்கிற கேள்வி அவள் நாக்கு நுனியில் நின்றது. இது சாதாரண கேள்வி இல்லை. கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது, கேட்டால் போதும், ஆள் காலி. இப்படி ஒரு பிடியை விட்டுக்கொடுத்த சரித்திரமே அவளுக்கு இல்லை. வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடினாள். விழுங்கினாள். அங்கேயே நின்றால் கேட்டுவிடுவோம் என்று பயந்து, விறுவிறுவென்று பின்னறைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மூச்சையாவது மண்ணாங்கட்டியாவது. மூச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாஷிங் மெஷின் கடகடத்தது. இமை படபடவென்று துடித்தது. துடித்தால் துடிக்கட்டும் என்று சொன்னார்களே, துடிக்கட்டும். கேள்வி மேலே மேலே வந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசிப் படியில் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

அவர் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா ஆச்சு? தலை சுத்துதா?"

"இல்ல."

"யாராவது ஃபோன் பண்ணாங்களா? அக்காவா? என்ன சொன்னாங்க? ஏன் இப்படி உக்காந்திருக்க?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வரிசையாகக் கேள்வி கேட்டார்.

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். கேள்வி வரும், வரும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. வரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போடுகிற சத்தம் கேட்டது. அதன்மேல் உட்கார்ந்தார்.

"நான் கடைக்குப் போகல" என்றார்.

"நான் கேக்கலயே."

"கேக்கல. அதான் சொல்ல வருது."

சொன்னார். கடையில் கை நடுங்கி லென்ஸ் உடைந்ததைச் சொன்னார். டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்து, உடம்பில் கோளாறு இல்லை, மனசுதான் பதறுகிறது, தினமும் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள் என்று அனுப்பி வைத்ததைச் சொன்னார். சாவிச் சத்தத்தையும் சொன்னார்.  எக்ஸ்ரே கண்ணைத் திறக்கவில்லை. தான் பார்த்தால் அவர் நிறுத்திவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

அவர் முடித்தபின், இனி அவள் முறை. இதையும் மறைத்தால் அவளைவிடக் கேடுகெட்ட பயணி யாரும் இருக்க முடியாது. கண்ணைத் திறந்தாள்.

"நான் உங்க பின்னாலயே வந்தேன். அந்த மாடிக்கு. தையல் மெஷினுக்குப் பின்னால இருந்தேன். எல்லாம் கேட்டேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"அங்கயுமா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து போய் முன்னறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எக்ஸ்ரேவிடம் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், சாபம் விட்டிருக்கிறார்கள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை.

ஒரே நாளில் அவள் திருந்திவிட்டாள் என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள், நானும் சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமையே, ஏன் லேட் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவிடம் வாயைக் கொடுத்துவிட்டுப் பாதியில் ஃபோனை வைத்தாள். ஆனால் சாவியை மட்டும் பூட்டில் நுழைப்பதில்லை. கையில் சாவி இருந்தும் வாசலில் நின்று, "ஏங்க, நான்தான்" என்று குரல் கொடுப்பாள். அவராக வந்து திறக்கும்வரை நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரி, சாவியைத் தொலைச்சிட்டீங்களா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டார். எக்ஸ்ரே பின்னறையில் நாற்காலியில் இருந்தாள், கண் மூடியிருந்தது, முதுகு நேராக இல்லை. அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"போயிட்டு வர்றேன்."

"ம்."

அவர் போகவில்லை. கொஞ்சம் நின்றார்.

"நீயும் வர்றியா?"

நெஞ்சு துள்ளிற்று. வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு ஆசை! போனால் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கலாம். ஒளிந்திருந்து கண்ணாடியில் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த முகம் வருமா? அது அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது கேட்ட விதத்திலேயே இருந்தது.

"இல்லங்க. அது உங்க இடம். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். "நான் இங்கயே உக்காந்து கத்துக்கறேன்."

அவர் படியிறங்குகிற சத்தம் கேட்டது. இன்று மெதுவாக, அவசரமில்லாமல் இறங்கினார். எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் இருந்தாள்.